அடித்த கையே அடக்க வேண்டும்

தந்தி என்றால் சுருதி, தோல் என்றால் தாளம் என்று நம் கச்சேரி மேடை வேலையைப் பங்கு போட்டு வைத்திருக்கிறது. வீணையும் வயலினும் பாடும். மிருதங்கமும் தவிலும் கணக்குப் பார்க்கும். திருநெல்வேலிச் சீமையில் இந்தப் பங்கீடு எடுபடாது. பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கிப் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிற வரைக்கும், தாமிரபரணியின் இரு கரையிலும் உள்ள ஊர்களில், அம்மன் கொடையானாலும் சரி, சுடலைமாடன் கொடையானாலும் சரி, கதையை நடத்திக்கொண்டு போகிற தாளம் ஒரு தந்தியிலிருந்துதான் புறப்படுகிறது. அது வில்லின் நாண். பாட்டுக்குச் சுருதி கொடுப்பது அதன் வேலை அல்ல. அடி வாங்குவதற்காகவே கட்டப்பட்ட தந்தி அது. மாட்டுத் தோலை முறுக்கிச் செய்த தந்தி என்பதால் தோல் கட்சியிலும் அதற்கு இடமுண்டு.

தந்தியை வைத்துத் தாளம் போடுவது உலகில் வேறு இடங்களிலும் உண்டு. தம்புரா போன்ற உடலில் மூங்கில் குச்சிகளால் தட்டி வாசிக்கிற கெத்து வாத்தியம் நம்மிடமே இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் வில்லோடு சேர்த்துப் பார்க்கப்போவது அளவில் அதற்கு நேர்மாறான ஒன்றை: யுகுலேலே. போர்ச்சுக்கலுக்குச் சொந்தமான மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிவந்த ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பல் 1879 ஆகஸ்ட் 23 அன்று ஹொனலூலுவில் நங்கூரம் போட்டது. அதில் வந்த நூனிஷ், டியஷ், எஸ்பிரிட்டு சாந்து என்ற மூன்று மரவேலைக்காரர்கள், தங்கள் ஊர் மஷேட்டை ஒட்டி ஹவாயில் செய்யத் தொடங்கியதுதான் இந்தக் கைக்குழந்தை அளவு வாத்தியம். நான்கு தந்திகள், இப்போது பெரும்பாலும் நைலான். கைபேசியில் வீடியோ பார்த்து இதைப் பழகுகிற பிள்ளைகள் பாளையங்கோட்டையிலும் உண்டு, நெல்லை டவுனிலும் உண்டு. இரண்டு மூன்று கார்டு பிடிபட்டு, மேலும் கீழும் கை ஓடத் தொடங்கியதும் அவர்கள் எல்லோரும் வந்து முட்டிக்கொண்டு நிற்கிற இடம் ஒன்றுதான். வாத்தியக்காரர்கள் அதைச் ‘சங்க்’ என்கிறார்கள். தந்திகளை வருடுகிற அதே இறக்கத்தில் உள்ளங்கை வந்து அவற்றை அடக்கிவிட வேண்டும். சுரம் கேட்கக் கூடாது; ‘சக்’ என்று ஓர் ஓசை மட்டும் வர வேண்டும். நாலு எண்ணிக்கையில் இரண்டிலும் நாலிலும் இந்தச் ‘சக்’ விழுந்தால், தனியாக ஒருவர் வாசித்தாலும் பக்கத்தில் தாளக்காரர் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

கேட்க எளிது. கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் நாள் பழகுகிறவரின் வலது கையைக் கிட்டத்தில் பார்க்கலாம். இடது கையில் சி கார்டு. மூன்று தந்திகளை அப்படியே விட்டுவிட்டு, கடைசித் தந்தியில் மட்டும் மூன்றாம் கட்டையில் ஒரு விரல். வலது ஆள்காட்டி விரலின் நகம் மேலிருந்து நாலு தந்தியையும் தடவிக்கொண்டு இறங்குகிறது. இறங்கி முடிந்த பிறகு கை நிற்கிறது. பிறகு, ஐயோ அடக்க வேண்டுமே என்று ஞாபகம் வந்த மாதிரி, உள்ளங்கை தந்திமேல் வந்து விழுகிறது. காதில் விழுவது ‘சக்’ அல்ல, ‘ஞங்–பட்’. முதலில் கார்டு, பிறகு அதை அமுக்கிய சத்தம். மறுபடி முயல்கிறார். இந்தத் தடவை அவசரத்தில் உள்ளங்கை முந்திக்கொள்கிறது. நகத்துக்கு அதிர்கிற தந்தியே மிச்சமில்லை. வெறும் பலகையைத் தட்டிய ஓசை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு மெல்லிய இடுக்கு இருக்கிறது. அந்த இடுக்கின் அகலம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

யுகுலேலேயின் நான்கு தந்திகள் வழக்கமான சுருதியில் ஏறக்குறைய 392, 262, 330, 440 ஹெர்ட்ஸில் அதிர்கின்றன. மிகத் தாழ்ந்தது 262 என்றால், அது ஒருமுறை போய்வர 4 மில்லிநொடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மில்லிநொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு மூன்று ஆட்டத்திலேயே ஓர் ஒலியை வெட்டிவிட்டால் காதுக்கு அது சுரமாகத் தெரியாது. வெறும் சொடுக்காகத் தெரியும். சுரம் என்று தெளிவாக அடையாளம் தெரிய இன்னும் பல ஆட்டங்கள் வேண்டும். ஆகவே நகம் தொட்டதிலிருந்து பத்து, இருபது மில்லிநொடிக்குள் உள்ளங்கை வந்துவிட்டால் ‘சக்’. ஐம்பது, அறுபதைத் தாண்டினால் கார்டு கசிந்துவிடும். இடுக்கு அவ்வளவுதான்.

இப்போது மனித உடம்பின் கணக்கு. ஓர் ஒலியைக் கேட்டு உடனே விரலை அசையுங்கள் என்று யாரிடம் சொன்னாலும், எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தாலும், 150 மில்லிநொடி அளவுக்குத் தாமதம் ஆகும். காதில் விழுந்தது மூளைக்குப் போய், ஆணை திரும்பி வந்து, தசை சுருங்குவதற்குள் அவ்வளவு நேரம் போய்விடுகிறது. ‘தந்தியை அடித்தாயிற்று, இனி அடக்கு’ என்று அடுத்த ஆணை பிறப்பித்தால் அது ஒருபோதும் நேரத்துக்கு வந்து சேராது. பயிற்சியால் குறைக்கக்கூடிய தாமதமும் அல்ல இது. அதனால்தான் மெதுவாக அடித்து, மெதுவாக அடக்கி, பிறகு இரண்டையும் வேகப்படுத்தலாம் என்று நினைத்துப் பழகுகிறவர்கள் வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். அவர்கள் பழகுவது இரண்டு அசைவுகளை. வாத்தியம் கேட்பது ஒன்றை.

கை ஒன்றாக விழும்போது தானாகவே ஒரு நல்ல காரியம் நடக்கிறது. நகம் நாலு தந்தியையும் ஒரே கணத்தில் தொடுவதில்லை. முதல் தந்திக்கும் கடைசித் தந்திக்கும் இடையே 4 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம். கை நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் இறங்கினால் அதைக் கடக்க 25 மில்லிநொடி பிடிக்கும். கடைசித் தந்தி பேசத் தொடங்கும்போது முதல் தந்திக்கு அடங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. விரலுக்குப் பின்னால் பெருவிரலின் அடிச்சதை சாய்ந்த வாக்கில் தொடர்ந்து வந்தால், நகம் முதலில் தொட்ட தந்தியையே அதுவும் முதலில் தொடும். ஒவ்வொரு தந்திக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஆயுள் கிடைக்கும். மணிக்கட்டை விறைப்பாக வைத்து உள்ளங்கையைத் தட்டையாக இறக்கினால் இந்த வரிசை குலைந்துபோகும். தேர்ந்தவர்கள் கையைத் திருகி இறக்குவது அலங்காரத்துக்காக அல்ல.

இன்னொரு தொல்லையும் உண்டு. சரியான நேரத்துக்குத்தான் உள்ளங்கை வந்தது, ஆனாலும் எங்கிருந்தோ ஒரு சன்னமான மணியோசை கேட்கிறது. சின்ன யுகுலேலேயில் கழுத்தும் உடலும் சேர்கிற இடத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் வருடுவார்கள். அங்கேதான் பன்னிரண்டாவது கட்டை இருக்கிறது. கட்டை பிடிக்காத தந்திக்கு அது சரிபாதி. சரிபாதியில் தந்தியை இலேசாகத் தொட்டால் முழு அதிர்வு அடங்கிவிடும், ஆனால் இரண்டு பாதிகளாகப் பிரிந்து ஆடுகிற அதிர்வுக்கு அந்த நடுப்புள்ளி ஏற்கனவே அசையாப் புள்ளி. அதைத் தொட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஒரு ஸ்தாயி மேலே நின்று ஒலித்துக்கொண்டே இருக்கும். சி கார்டில் மூன்று தந்திகள் விரல் படாதவை என்று முன்பே பார்த்தோம். மூன்றும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். தீர்வு எளிது: சதையின் விளிம்பு மட்டும் படாமல் பெருவிரலின் அடிமேடு முழுதும் படியட்டும். மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலத்துக்கு மெத்தென்று சதை அமர்ந்தால் எந்த அதிர்வுக்கும் ஒளிய இடமில்லை. அமுக்க வேண்டியதும் இல்லை. அகலம்தான் வேலை செய்கிறது, பலம் அல்ல.

இத்தனையும் விரற்கடை அளவு தூரத்தில் நடக்கிற விவகாரம். இதையே பத்தடி நீளத்துக்கு இழுத்துவிட்டால் வில்லடி.

வில்லைப் பனை வைரத்திலோ மூங்கிலிலோ செய்வார்கள். வளைவு கீழே, நாண் மேலே இருக்கும்படி கிடத்தி, வளைவின் நடுவை ஒரு மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். குடம் வைக்கோல் புரிமணையில் உட்கார்ந்திருக்கும். வில்லின் வளைவில் வரிசையாக வெண்கல மணிகள். நடுவில் அமர்ந்து கதை சொல்கிற புலவர் இரண்டு கைகளிலும் வீசுகோல் வைத்து நாணை அடிப்பார். குடக்காரர் ஒரு கையில் கமுகு மட்டையில் வெட்டிய தட்டையால் குடத்தின் வாயை அறைவார். மறு கையில் காசோ சிறு கட்டையோ வைத்து அதன் வயிற்றைத் தட்டுவார். பக்கத்தில் உடுக்கு, ஜால்ரா, கட்டை. ‘ஆமா’ போடுகிறவர்கள்.

நாணை அடித்தால் என்ன கேட்கும்? இரண்டரை மீட்டர் நாணில் அலை நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை போய்த் திரும்ப 5 மீட்டர். நொடிக்கு 20 தடவை. மனிதக் காது கேட்கிற ஒலியின் அடிமட்டமே 20 ஹெர்ட்ஸ்தான். அதாவது நாணின் அடிப்படை அதிர்வு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் காதுக்குத் தெரியாது. மேல் அதிர்வுகள் உண்டு. ஆனால் தோல், உலோகத்தைப் போலவோ நைலானைப் போலவோ அவற்றை நீடிக்க விடாது. தனக்குள்ளேயே உராய்ந்து தின்றுவிடும். போதாக்குறைக்கு, மெல்லிய எந்தத் தந்தியும் காற்றைத் தள்ளுவதில் சோப்ளாங்கி. அது முன்னே போனால் காற்று பக்கவாட்டில் வழிந்து பின்னே போய்விடும். யுகுலேலேயில் தந்தி தன் அதிர்வைப் பாலத்தின் வழியாக மேற்பலகையிடம் ஒப்படைக்கிறது. நாம் கேட்பது பலகையின் குரலை. வில்லில் பலகை இல்லை. நாண் தன் அதிர்ச்சியை வில்லின் இரண்டு முனைகளுக்கும் கொடுக்கிறது, வில் மணிகளைக் குலுக்குகிறது, நடுவில் குடத்தின் கழுத்தை அசைக்கிறது. ஆகவே வீசுகோலால் அடிப்பது நாணை என்றாலும் பேசுவது மணியும் குடமும். கிட்டத்தில் உட்கார்ந்தால் மட்டும் தோலின் ‘தொப்’ தனியாகக் கேட்கும். மைக் வந்தபிறகு அது கூட்டத்துக்கும் எட்டியது.

குடத்தின் பங்கு கொஞ்சம் கணக்குக் கேட்கும். வாய் குறுகிய பாத்திரத்துக்குள் அடைபட்ட காற்று, வாயிலிருக்கும் காற்றுத் துண்டை விட்டுப் பிடித்து ஆட்டும். இதன் சுருதியைப் பாத்திரத்தின் கொள்ளளவும் வாயின் அகலமும் தீர்மானிக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிவைத்த விதி. பதினைந்து லிட்டர் பிடிக்கிற, 12 சென்டிமீட்டர் வாயுள்ள குடம் என்று போட்டுப் பார்த்தால் 140 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வருகிறது. ஆண்குரலின் பேச்சுச் சுருதி உலவுகிற பகுதி அது. தட்டையை வாயில் அறைந்து எடுக்காமல் ஒரு கணம் அப்படியே விட்டால் வாய் அடைபடும். ஓசை அங்கேயே செத்துவிடும். உடனே எடுத்தால் ‘கும்’ என்று திறந்து ஒலிக்கும். யுகுலேலேக்காரரின் உள்ளங்கைக்கு இங்கே பெயர் கமுகு மட்டை. சேரன்மகாதேவி பக்கத்தில் காருகுறிச்சி என்ற ஊரை நாகஸ்வரத்துக்காக எல்லோருக்கும் தெரியும். நெல்லைக்காரர்களுக்கு அது மண்பாண்டத்துக்கும் பேர்போன ஊர். குடத்தைச் சுண்டிப் பார்த்து வாங்குகிற கிழவிகள் செய்வது ஒலியியல் சோதனைதான். விரிசல் இருந்தால் மண் அதிர்வைக் கடத்தாது, ஓசை சட்டென்று மடியும்.

நாணில் கோல் விழும் கணம்தான் இயற்பியலுக்குச் சுவையானது. சுத்தியால் தட்டிய தந்தி என்ன செய்யும் என்ற கேள்வியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கை வைத்தார், காஃப்மன் கை வைத்தார். கல்கத்தாவில் சி.வி.ராமன் பி.பானர்ஜியோடு சேர்ந்து பியானோச் சுத்தியின் மோதலை ஆராய்ந்து 1920இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் எழுதினார். மிருதங்கத்தின் மேலச்சுரங்களைப் பற்றி அவர் செய்த வேலையைத் தமிழர் எல்லோரும் சொல்வார்கள். இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விஷயம் என்னவென்றால், கோல் தந்தியைத் தொட்டதும் இரண்டு பக்கமும் அலை கிளம்பி, முனைகளில் மோதித் திரும்பி வருகிறது. திரும்பும்போது கோல் இன்னும் தந்திமேல் இருந்தால் அலை அதை உதைத்துத் தள்ளும். நமது நாணில் முனையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அடித்தால், அதே 100 மீட்டர் கணக்கில், உதை 20 மில்லிநொடியில் வரும். கோலை இளக்கமாகப் பிடித்திருக்கிற கை அந்த உதையை வாங்கிக்கொண்டு மேலே எழும். இறுக்கிப் பிடித்த கை உதையை எதிர்த்து நின்று நாணை அடக்கிவிடும். திறந்த அடியும் அடக்கிய அடியும் பிடியின் இளக்கத்தில் பிரிகின்றன. கோலை எவ்வளவு ஓங்கினோம் என்பதில் அல்ல.

பிரேசிலின் பெரிம்பாவ் இதே குடும்பம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழியில் வந்த ஒற்றைத் தந்தி வில்; கப்போயிரா ஆட்டத்துக்கு அதுதான் தலைமை. கம்பித் தந்தி, கீழே சுரைக்குடுக்கை, அடிக்க ஒரு குச்சி, அதே கையில் ஒரு சின்னக் கிலுகிலுப்பை. மறு கையில் காசு அல்லது கூழாங்கல். காசை விட்டு அடித்தால் ஒரு சுரம், அழுத்தி அடித்தால் உயர்ந்த சுரம், பட்டும் படாமலும் வைத்து அடித்தால் ‘ச்ச்’ என்று கரகரப்பான ஓசை. மூன்றாவது, யுகுலேலேயின் ‘சக்’கேதான். வில், குடம், மணி, காசு எல்லாம் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் ஒன்றுகூடியிருப்பதற்கு உறவு தேடிப் போக வேண்டியதில்லை. சத்தம் போடாத தந்தியைச் சபைக்குக் கேட்க வைக்க வேண்டும் என்ற ஒரே கணக்குக்கு இரண்டு ஊர்க்காரர்களும் கண்ட விடை அது.

சரி, கற்பது எப்படி?

வில்லுக் குழுவில் புதிதாகச் சேர்கிற பையன் கையில் யாரும் வீசுகோலைத் தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. பெரும்பாலும் ஜால்ராவில் உட்காருவான், ‘ஆமா’ போடுவான், பின்பாட்டு வாங்கிப் பாடுவான். கதை முழுதும் காதில் ஏறும். எந்த இடத்தில் புலவர் பாட்டை நிறுத்தி வசனத்துக்குப் போவார், எந்த இடத்தில் அடி எடுப்பார் என்று கைக்கு முன்னால் மனசுக்குத் தெரிந்துவிடும். மிருதங்கம் கற்பவர்கள் சொற்கட்டை வாயால் சொல்லிவிட்டுக் கையால் வாசிப்பதும் இதே வழிதான். யுகுலேலே பழகுகிறவர்கள் இதை இரவல் வாங்கிக்கொள்ளலாம். ‘தா சக் தா சக்’ என்று வாயால் சொல்லிக்கொண்டு, முதலில் தொடையில் தட்டிப் பார்த்தால், கை செய்ய வேண்டிய அசைவு ‘சக்’ என்ற ஒற்றை அசையாக மனதில் பதியும். ‘அடி, அப்புறம் அடக்கு’ என்று இரண்டு சொல்லாகப் பதிந்ததுதான் எல்லாக் கோளாறுக்கும் வேர்.

தாளத்தோடு சேர்வதைப் பற்றி ஆய்வுக்கூடங்களில் நூறு ஆண்டுக்கு மேலாகத் தெரிந்த ஒரு வினோதம் உண்டு. சீராக ஒலிக்கும் மெட்ரோனோமோடு சேர்ந்து விரலால் தட்டச் சொன்னால் மனிதர்கள் கொஞ்சம் முந்தியே தட்டுகிறார்கள். 20 முதல் 80 மில்லிநொடி வரை. அவர்களைக் கேட்டால் சரியாகச் சேர்ந்துதான் தட்டுகிறோம் என்பார்கள். விரல்நுனியிலிருந்து மூளைக்குச் செய்தி போக, காதிலிருந்து போவதைவிட நேரம் அதிகம் என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. இசை பழகியவர்களிடம் இந்த முந்தல் சுருங்கிவிடுகிறது. தொடக்கக்காரருக்கு எப்போதும் அவசரம் என்று வாத்தியார்கள் குறைப்படுவதில் உடம்பின் பங்கும் இருக்கிறது. எந்திரத்தோடு பழகுவதைவிட ஆளோடு பழகுவது நல்லது என்று எனக்குத் தோன்றுவதற்கும் இதுவே காரணம்: மெட்ரோனோம் விட்டுக்கொடுக்காது, பக்கத்தில் உட்கார்ந்த ஆள் பாதி வழி வருவார். வில்லுக் குழுவில் ஒருவருக்கொருவர் இடைவெளி மூன்று மீட்டருக்குள். ஒலிக்கு அதைக் கடக்க 9 மில்லிநொடி போதும். ஒருவர் பிசகினால் அடுத்த அடிக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எவ்வளவு நேரம் பழகுவது என்பதிலும் பழைய எண்ணம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2019இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். விரல் வரிசை ஒன்றை 10 நொடி தட்டு, 10 நொடி சும்மா இரு. இப்படியே திரும்பத் திரும்ப. தொடக்கத்தில் வேகம் கூடியது தட்டிய நொடிகளில் அல்ல, சும்மா இருந்த நொடிகளுக்குப் பின்னால். அந்த இடைவெளியில் மூளை பாடத்தைச் சேர்த்துவைக்கிறது என்பது அவர்கள் கொண்ட பொருள்; விரலின் களைப்பு தெளிந்ததைத்தான் கற்றல் என்று எண்ணிவிட்டார்கள் என்று மறுக்கிறவர்களும் உண்டு. எப்படியானாலும் ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் ‘சக் சக்’ என்று பலகையை உடைப்பதற்கு இதில் ஆதரவு இல்லை. நாலு தடவை அடித்துவிட்டுக் கையைத் தொங்கப்போடலாம். அடுத்த தெருவில் இருக்கிறவர்களுக்கும் ஆறுதல். இரவு தூங்கி எழுந்தபின் விரல் வரிசை வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்ததாக 2002இல் ஹார்வர்டில் மேத்யூ வாக்கர் குழு கண்டது தனிக்கதை.

கை ஓரளவு பழகியதும் பாட வேண்டும் என்று ஆசை வரும். அங்கே மறுபடி எல்லாம் சிதறும். நாவுக்கும் கைக்கும் தனித்தனித் தாளம் கொடுப்பது மூளைக்குப் பிடிக்காத காரியம்; பாட்டின் அழுத்தம் விழுகிற இடத்துக்குக் கை ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். இதில் வில்லுப்பாட்டுப் புலவர்களின் தேர்ச்சியை நாம் போதிய அளவு வியப்பதில்லை. சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்து, என்.எஸ்.கிருஷ்ணனோடு பழகி, வில்லிசையை வானொலிக்கும் நகர மேடைகளுக்கும் கொண்டுபோன சுப்பு ஆறுமுகம், 2021இல் பத்மஸ்ரீ பெற்று மறு ஆண்டு மறைந்தார். அவரது நிகழ்ச்சிப் பதிவு எதையாவது எடுத்து, சொல்லை விட்டுவிட்டுக் கையை மட்டும் பாருங்கள். பாடும்போது கோல் பாட்டோடு போகும். வசனத்துக்கு மாறியதும் கோல் ஓய்ந்து, கேள்வி கேட்டு, ‘ஆமா’ விழுந்த இடத்தில் ஓர் அடி போட்டு, திரும்பப் பாட்டுக்கு எடுத்துக் கொடுக்கும். கைக்கு எப்போது வேலையில்லை என்பதும் பாடத்தில் சேர்ந்தே வருகிறது. யுகுலேலே பழகுகிறவருக்கு இதில் ஒரு நல்ல குறுக்குவழி இருக்கிறது: முதலில் பாட வேண்டாம், பேசினால் போதும். ஒரே கார்டில் ‘சக்’ ஓடிக்கொண்டிருக்க, காலையில் என்ன சாப்பிட்டோம் என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல முடிந்தால் கை விடுதலையாகிவிட்டது என்று அர்த்தம்.

வேகம் கடைசியில் வர வேண்டியது. ஏன் என்று கொடை நடக்கும் கோயிலில் நடுச்சாமத்தில் நின்றால் விளங்கும். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடிகொண்டிருக்கும் பட்டவராயனுக்கு இன்றும் செருப்பைக் காணிக்கை வைக்கிறார்கள். அவன்தான் முத்துப்பட்டன், பிராமணக் குடியில் பிறந்து, பொம்மக்கா திம்மக்காவை மணப்பதற்காகத் தோல் தைக்கக் கற்றுக்கொண்டவன். அவன் கதையைத் தோல் நாணில் பாடுகிறார்கள். நா.வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களில் அதுவும் ஒன்று. இப்படியான கதைகளில் வெட்டும் சாவும் நெருங்கும்போது அடி ஏறும். ஒரு கையால் மனிதர் நொடிக்கு ஐந்து முதல் ஏழு தடவை வரை தட்ட முடியும். இரண்டு வீசுகோல் மாறி மாறி விழுந்தால் பத்தைத் தாண்டும். அடிக்கும் அடிக்கும் இடையே 100 மில்லிநொடிகூட இல்லை. வெண்கல மணி ஒருமுறை குலுங்கினால் அடங்க அதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். ஆகவே முந்தைய அடியின் ஓசை சாகுமுன் அடுத்தது அதன்மேல் ஏறுகிறது, அதன்மேல் இன்னொன்று. தனித்தனி அடியாகக் கேட்டது ஒரே இரைச்சலாகத் திரள்கிறது. சாமியாடி எழுந்திருப்பது அந்த நேரத்தில்தான். அங்கே யாருக்கும் அடக்கம் தேவைப்படவில்லை. அடங்காமல் போவதற்குத்தான் அவ்வளவு வேகமும்.

யுகுலேலேயில் அந்த வேகத்துக்குப் போனால் முதலில் காணாமல் போவது ‘சக்’. உள்ளங்கை இறங்கி, சதை படிந்து, மறுபடி விலகுவதற்குள் அடுத்த வருடல் வந்துவிடும். எல்லாம் சேர்ந்து வெறும் பிறாண்டல் ஆகும். நிமிடத்துக்கு அறுபது எண்ணிக்கையில் வைத்துப் பழகினால் ஒவ்வொரு ‘சக்’குக்கும் அடுத்த எண்ணிக்கை வர ஒரு முழு நொடி இருக்கிறது. கசிந்தது எந்தத் தந்தி, மணியடித்தது எது என்று காதால் பிரித்துப் பார்க்க அது தாராளம். எண்பது, நூறு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.